வெண்டல் ஹாஸ்கின் ஏற்றுக்கொண்ட பந்து

வெண்டல் ஹாஸ்கினுக்குக் கை தளர்ந்துவிட்டது என்று இன்றைக்கும் யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. என்னடா தெரியும் உங்களுக்கு? அந்தப் பந்தை எறிந்தவன் நான்.

பதினாலு வருடம் பேஸ்பாலில் பிட்சர் எறியும் பந்தைப் பிடிக்கும் கேட்சராக இருந்தார். ஒன்பது ஊர். எல்லாம் கீழ்மட்ட அணிகள். பெரிய லீகில் ஒருநாள்கூட ஆடியதில்லை. வலது கையில் நேரான விரல் ஒன்றே ஒன்றுதான். பதினோரு மணி நேரம் பேருந்தில் வந்து இறங்கி, முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு குந்தி, எங்களைப் போன்ற பிட்சர்களின் தறிகெட்ட பந்துகளை மார்பில் வாங்குவார். எங்களுக்கு அவர் 'பெரிசு'.

"பெரிசு, முட்டிக்கு எண்ணெய் விட்டியா? கிறீச்சுங்குது!"

"உன் பந்து வந்து சேர்றதுக்குள்ள நான் ஒரு தூக்கம் போட்டு எந்திரிக்கலாம்டா" என்பார்.

அந்த ஆகஸ்டில், எங்கள் அணிக்குச் சொந்தக்காரரான பெரிய லீக் அணியின் கேட்சர் ஒருவருக்குத் தோள் எலும்பு முறிந்தது. எங்களிடமிருந்து ஒருவரை மேலே கூப்பிடுவார்கள். வெண்டல், இல்லையென்றால் எங்கள் இன்னொரு கேட்சரான இருபத்தோரு வயது கோரி. ஞாயிறு மதிய ஆட்டத்தைப் பார்க்க மேலிடத்து ஆள் ஒருவர் வைக்கோல் தொப்பியோடு வந்து உட்கார்ந்தார். வெண்டலின் மனைவி நாடின் ஆறு மணி நேரம் காரோட்டி வந்திருந்தார். வெண்டலுக்கு முப்பத்தாறு வயது. இது தவறினால் இன்னொன்று கிடையாது என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

ஏழாவது இன்னிங்ஸில் எதிரணிக்காரன் ஒருவன் இரண்டாவது பேஸில் நின்றான். எந்தப் பந்தை எறிவது என்று கேட்சர் பிட்சருக்கு விரலால் காட்டும் சைகை அங்கிருந்து பார்த்தால் தெரியும். அதனால் வெண்டல் வரிசையாக நாலு சைகை காட்டுவார். இரண்டாவது மட்டுமே நிஜம், மற்றவை ஏமாற்று. ஆட்டத்துக்கு முன்னால் பிட்சரை அதை ஒப்புவிக்கச் சொல்வார். நானும் ஒப்புவித்திருந்தேன். ஆனால் என் கண் முழுக்கத் தொப்பிக்காரர்மேல் இருந்தது. முதல் சைகையை எடுத்துக்கொண்டேன்.

தாழ்ந்து வளையும் பந்துக்காக அவர் கையுறையைத் தரையோடு வைத்திருந்தார். நான் முழு வேகத்தில் நேராக எறிந்தேன். பந்து அவர் கட்டைவிரலைக் கிழித்துக்கொண்டு பின்வேலிக்குப் போனது. இரண்டாவது பேஸில் நின்றவன் ஓடிவந்து ஓட்டம் எடுத்துவிட்டான், அதோடு ஆட்டமும் போனது.

மேலாளர் லண்ட் கத்திக்கொண்டே, நான் பந்தெறிய நின்றிருந்த மேட்டுக்கு வந்தார். "யாருடா சொதப்பினது?"

"நான்தான். சைகையைக் குழப்பிட்டேன்" என்றார் வெண்டல். விரலிலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது.

கேட்சர் தன் பிட்சரை மேட்டில் வைத்துக் காட்டிக்கொடுக்க மாட்டார். அது வழக்கம். ஆட்டம் முடிந்ததும் பிட்சர் தானாகவே மேலாளர் அறைக்குப் போய் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அதுவும் வழக்கம். எங்கள் அணியில் சுத்தப் போக்கிரிகள்கூட அதைச் செய்திருக்கிறார்கள்.

நான் குளித்தேன், தலை சீவினேன். அதற்குள் கோரியின் பெயரைச் சொல்லிவிட்டார்கள். வெண்டல் தன் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"நான் போய்ச் சொல்லிடறேன், பெரிசு."

"மேட்டுல நின்னப்ப வாய்ல என்ன கொழுக்கட்டையா? அதை விடு. ஒரு மணி நேரமா இங்க என்னடா பண்ணின? போ! கதவு அந்தா இருக்கு."

அந்தக் கதவுவரை போனேன். உள்ளே தொப்பிக்காரர் சிரிக்கும் சத்தம் கேட்டது. சொன்னால் என் பெயருக்கு எதிரே என்ன எழுதுவாரோ என்று நினைத்தேன். தட்டத் தூக்கிய கையை இறக்கிக்கொண்டு திரும்பினேன். த்தூ!

வெளியே கார் நிறுத்துமிடத்தில் நாடின் கணவரை உலுக்கிக்கொண்டிருந்தார். "பதினாலு வருஷம்! வீடு மாத்தி மாத்தி, பிள்ளைங்களைப் பள்ளிக்கூடம் மாத்தி மாத்தி... கடைசியில ஒரு சைகை உனக்கு ஞாபகம் இல்லையா?"

நாடின் என்னைப் பார்த்துவிட்டார்.

"நீ சொல்லுப்பா. நீதானே எறிஞ்ச. இவர் பண்ணின தப்புதானா?"

வெண்டலும் என்னைப் பார்த்தார்.

"ஆமாக்கா" என்றேன்.

நாடின் கணவரின் சட்டையை விட்டுவிட்டார். காரைச் சுற்றிப் போய் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். வெண்டல் கட்டுப்போட்ட கையால் சாவியைத் திருப்ப முடியாமல், இடது கையால் திருப்பி வண்டியை எடுத்தார்.