பொத்தானால் ஆள் எண்ணியவர்

செவ்வாய்க்கிழமை காலை பல் துலக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. "சித்தப்பா, அத்தா மவுத்தாயிட்டாக" என்றாள் சிக்கந்தர் அண்ணனின் மகள். வாயில் நுரையோடு நின்றேன். அண்ணன் இறந்துவிட்டார்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அண்ணன் மதுரைப் பழைய நகரத்தில் பொத்தானும் நூலும் விற்றவர். கோச்சடையிலிருந்து பேரையூர் வரை, கண்மாய்க் கரைகளையும் வண்டித்தடங்களையும் இணைத்து, மூன்று நாள் நடக்கிற பாதை ஒன்றை வழியோர ஊர்க்காரர்களும், கோச்சடைக்காரனான நானும் நண்பர்களும் சேர்ந்து பராமரிக்கிறோம். எத்தனை பேர் நடக்கிறார்கள் என்று தெரிந்தால்தான் எங்கே தண்ணீர் வைப்பது, எந்தக் கரைக்கு ஓய்வு கொடுப்பது என்று கூட்டத்தில் முடிவு செய்யலாம். மனைவி இறந்த பிறகு, ஆள் எண்ணும் வேலையை அண்ணன் தாமாகவே கேட்டு வாங்கிக்கொண்டார். பேரையூருக்கு முந்தைய கடைசிப் பகுதியில், வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பார். ஓர் ஆள் கடந்தால் ஒரு பொத்தான் இடது பாக்கெட்டிலிருந்து வலது பாக்கெட்டுக்குப் போகும்.

"நோட்டுல எழுதினா என்ன கேடுண்ணே?" என்று சிடுசிடுத்தேன்.

"எழுதக் குனிஞ்சா வர்றவுக மூஞ்சியப் பாக்க முடியாதே மாப்ள" என்றார்.

ஒருநாள் அண்ணன் கணக்கில் இருந்த ஒருவர் பேரையூருக்கு வந்து சேரவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு ஓடி, வெயிலில் ஓடை ஓடையாகத் தேடினோம். கடைசியில் பார்த்தால் அண்ணன் சட்டையிலேயே ஒரு பொத்தானைக் காணோம். அறுந்ததை அவரே வலது பாக்கெட்டில் போட்டிருக்கிறார்! "அட மனுசா, பொத்தான் கடைக்காரருக்கு இது தேவையா?" என்று கத்திவிட்டேன். "நல்லவேளை, யாரும் தொலையல மாப்ள" என்று சிரித்தார்.

போன வருடம் அந்தப் பகுதியில் நடமாட்டமே அற்றுப்போனது. நடப்பவர்கள் முந்தின ஊரிலேயே பஸ் ஏறிவிட்டார்கள். ஆளே வராத இடத்துக்கு ஆள் எதற்கு என்று கூட்டத்தில் பேசியவன் நான்தான். இனி வர வேண்டாம் என்று நேரில் சொல்லத் துணிவில்லாமல் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "சரி மாப்ள" என்று பதில் வந்தது. அத்தோடு விட்டுவிட்டேன், பாவி.

அடக்கத்துக்கு, அந்தப் பக்கம் ஆடு மேய்க்கும் அம்மா ஒருவர் பஸ் பிடித்து வந்திருந்தார். "போன வாரம் வரைக்கும் வந்தாரே பாயி. எதுக்கு இம்புட்டு வெயில்ல உக்காந்திருக்கீகன்னு கேட்டேன். கோச்சடை மாப்ள ஒருநாளாச்சும் இந்தப் பக்கம் நடந்து வருவாப்லன்னாரு."

என்னைத்தான் சொல்லியிருக்கிறார். பாதைக்குச் செயலாளர் நான். கடைசிப் பகுதியை ஒருதடவைகூட நடந்ததில்லை, எல்லாவற்றுக்கும் பைக்தான்.

மறுநாள் நடந்தேன். வழியில் ஒருவரும் எதிர்ப்படவில்லை. வேப்பமரத்தடியில் அவர் உட்காரும் கல் காலியாகக் கிடந்தது.

வந்துட்டேண்ணே. எண்ணுறதுக்குத்தான் நீங்க இல்ல.