பொலிகாளைக்காரன் மறைத்த குறை

மோகனூருக்கு மேற்கே காவிரியை ஒட்டிய ஊர்களில் செங்கோட்டையன் வீடு எது என்று கேட்டால் நாலு வீட்டைக் காட்டுவார்கள். பொலிகாளைக்காரன் வீடு என்று கேட்டால் நேராக அவன் வாசலிலேயே கொண்டுவந்து விடுவார்கள். சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் பருவத்துக்கு வந்த பசுக்களை அவனுடைய காளைக்குத்தான் ஓட்டிவந்தார்கள். அந்தத் தொழிலில் அவனுக்குக் கர்வம் உண்டு. அதில் நியாயமும் உண்டு. சேர்த்துவிட்ட பசு சினை பிடிக்காமல் திரும்பி வந்தால் அவன் பசுவைக் குறை சொல்ல மாட்டான், காளையைத்தான் பார்ப்பான். இரண்டு மூன்று பசு அப்படித் திரும்பினால் போதும். எவ்வளவு லட்சணமான காளையானாலும் சரி, காயடித்து எருதாக்கி, கிணற்றில் தண்ணீர் இறைக்கிற கவலையில் பூட்டிவிடுவான். சில பசுவுக்குப் பிடிக்கும், சில பசுவுக்குப் பிடிக்காது என்கிற காளை அவன் கணக்கில் காளையே இல்லை.

இவ்வளவு தெளிவாக யோசிக்கத் தெரிந்தவன் கட்டுத்தறியோடு யோசனையை நிறுத்திக்கொண்டான் என்பதுதான் கொடுமை.

மாரக்காள் அவனுக்குப் பெண்டாட்டியாக வந்து வருஷங்கள் ஓடியும் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. அவளுக்குப் பிறகு தாலி கட்டிக்கொண்ட பெண்களெல்லாம் இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக நடந்தார்கள். மாரக்காள் தின்னாத மருந்து இல்லை. பூசாரி கொடுத்த மந்திரித்த எண்ணெய், வைத்தியர் கொடுத்த கசப்பு உருண்டை, எவளோ சொன்ன வேர் என்று எல்லாம் அவள் வயிற்றுக்குள்தான் போனது. செங்கோட்டையனுக்கு ஒருவரும் ஒரு கஷாயம்கூடக் கொடுக்கவில்லை. ஆம்பளைக்கு எதற்கு மருந்து? மீசை இருந்தது, குரல் இருந்தது, மூட்டை தூக்கத் தெம்பு இருந்தது.

அவன் அம்மா முத்தாயம்மாள் அந்த வீட்டுக்கு ஒரு சட்டம் போட்டிருந்தாள். பசு ஓட்டிக்கொண்டு யாராவது வாசலுக்கு வந்தால் மாரக்காள் உள்ளே போய்விட வேண்டும். வறடி நிழல் பட்டால் பசுவுக்குச் சினை நிற்காது என்பது கிழவியின் கண்டுபிடிப்பு. கையில் சாணிக்கூடையோடு நிற்பவள் அதை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போய்க் கதவுக்குப் பின்னால் நிற்பாள். வெளியே நிற்கிறவர்களுக்கும் அது தெரியும். செங்கோட்டையன் ஒரு நாளும் இதென்ன பேச்சு என்று அம்மாவைக் கேட்டதில்லை. பசுவின் மேல் பழி போடாதவன், பெண்டாட்டியின் மேல் பழி விழுந்தபோது காளைக்குப் பருத்திக்கொட்டை ஆட்டிக்கொண்டிருந்தான்.

கிழவி அடுத்து இரண்டாம் தாரத்துக்குப் பெண் பார்க்க ஆரம்பித்தாள். காவிரிக்கரை வேலூர்ப் பக்கத்தில் ஒரு பெண்ணைப் பேசி முடிக்கிற நிலைமைக்குப் போனது. செய்தி மாரக்காளின் அண்ணன் கந்தவேலுக்கு எட்டியது. அவன் சேலம் ஜங்ஷனில் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன். சூரமங்கலத்தில் ரயில்வே குடியிருப்பில் இருந்தான். தங்கச்சிக்குச் சக்களத்தி வந்தால் அவள் கதி என்னவாகும் என்று அவனுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பதறிக்கொண்டு வந்தான். சூரமங்கலத்தில் ஒரு டாக்டர் இருக்கிறார், அவர் சம்சாரமும் டாக்டர்தான், பெண்களை அந்த அம்மாளே பார்ப்பார், ஒரு தடவை காட்டிவிட்டு அப்புறம் எது வேண்டுமானாலும் செய்யுங்கள் என்று கெஞ்சி மாரக்காளைக் கூட்டிப்போனான். அந்த அம்மாள் பார்த்துவிட்டு இவளுக்கு ஒரு குறையும் தெரியவில்லை, வீட்டுக்காரரை வரச்சொல் என்று அனுப்பிவிட்டாள்.

செங்கோட்டையன் போனான், எருது வாங்கப் போவதாக ஊரில் சொல்லிவிட்டு. டாக்டர் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தைக் கொடுத்து என்ன வேண்டும் என்று சொன்னபோது அவனுக்குக் காது வரைக்கும் சுட்டது. எத்தனையோ காளைகளைத் தட்டிக்கொடுத்து வேலை வாங்கியவன், கிண்ணத்தைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு தாழ்ப்பாள் சரியில்லாத ஓர் அறைக்குள் போனான். அவன் பட்ட அவமானத்தைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் மாரக்காள் இத்தனை வருஷம் கதவுக்குப் பின்னால் நின்றதோடு வைத்துப் பார்த்தால் அது ஒரு முகூர்த்த நேரத்து அவமானம்தான்.

டாக்டர் பூதக்கண்ணாடி வைத்த கருவியில் பார்த்தார், மறுபடி பார்த்தார். பிறகு அவனையும் குனிந்து பார்க்கச் சொன்னார். வெளிச்ச வட்டத்துக்குள் அங்கே ஒன்று இங்கே ஒன்றாகத் தலைப்பிரட்டை மாதிரி எதுவோ அசைந்தது. பெரும்பாலும் வெறும் இடம். பிள்ளை உண்டாக்குகிற வித்து இதுதான், நல்ல உடம்புக்காரனுக்கு இந்த வட்டம் கொள்ளாமல் மொய்க்கும், உனக்கு ரொம்பக் குறைவு, அதிலும் பாதி ஓடாமல் கிடக்கிறது என்றார். இதற்கும் ஆண்மைக்கும் சம்பந்தமில்லை, வெளியே பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது என்றும் சொன்னார். சின்ன வயதில் பொன்னுக்கு வீங்கி வந்ததா என்று கேட்டார்.

வந்தது. மீசை அரும்புகிற வயதில் இரண்டு கன்னமும் வீங்கி வந்தது. முத்தாயம்மாள் தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டுவிட்டாள். பொன் பட்டால் இறங்கிவிடும் என்பது எல்லா வீட்டிலும் செய்கிற வைத்தியம்தான். இறங்கியது. கன்னத்தில் வடிந்தபோது கீழே விரையில் ஒரு பக்கம் வீங்கியது. காய்ச்சல் அனலாக அடித்தது. கேட்டவர்களிடம் மாடு உதைத்துவிட்டது என்று சொல்லிக் சுருண்டு படுத்துக்கொண்டான். அதைச் சொல்ல வெட்கம். பிறகு அந்தப் பக்கம் சுண்டிப்போனதையும் யாரிடமும் சொல்லவில்லை.

அதுதான் காரணமாக இருக்கும் என்றார் டாக்டர். பிறகு அவன் மனசில் தங்கியிருக்க வேண்டிய பேச்சை நிதானமாகச் சொன்னார்.

"குறைவுன்னுதான் சொல்றேன். இல்லேன்னு சொல்லல. எனக்கு இதுக்கு மருந்து தெரியாது. ஆனா நடக்கவே நடக்காதுன்னும் சொல்ல மாட்டேன்."

செங்கோட்டையன் காதில் அது விழுந்தது. ஆனால் அவன் மனசு தொழில் பழகிய மனசு. கொஞ்சம் பிடிக்கிற காளைக்கு அவன் என்ன செய்வானோ அதையே தனக்கும் செய்துகொண்டான். தீர்ந்தது, நான் கவலை இறைக்கிற எருது என்று முடிவு கட்டிக்கொண்டு வெளியே வந்தான். வேப்பமரத்தடியில் காத்திருந்த கந்தவேல் என்ன மாப்பிள்ளை என்றான். எனக்கு ஒன்றுமில்லையாம் என்றான் செங்கோட்டையன். பொய் சொல்ல அவனுக்கு ஒரு மூச்சு நேரம்கூட ஆகவில்லை.

ஊருக்கு வந்ததும் வேலூர்ப் பெண் வேண்டாம் என்று ஒரே பிடியாகப் பிடித்தான். இன்னொருத்தி வந்து அவளும் வெறும் வயிற்றோடு நின்றால் ஊர் யாரைப் பார்க்கும் என்று அவனுக்குத் தெரியாதா? கிழவி அழுதாள், பட்டினி கிடந்தாள். அவன் அசையவில்லை. ஊர் அதை எப்படி எடுத்துக்கொண்டது தெரியுமா? மனுஷன் என்றால் இவனல்லவா மனுஷன், வறடியானாலும் கட்டியவளைக் கைவிடவில்லையே என்று சந்தையிலும் பரிசல் துறையிலும் பேசினார்கள். மாரக்காளும் அதையே நம்பினாள். ஒரு நாள் அவன் காலைத் தொட்டுக் கும்பிட்டு, உங்களுக்கு நான் எப்படிக் கைமாறு செய்வேன் என்று அழுதாள். அவன் காலை இழுத்துக்கொள்ளவும் இல்லை, வாயைத் திறக்கவும் இல்லை.  அவளோ பழைய சட்டப்படி கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டே இருந்தாள், இப்போது நன்றியோடு.

அப்படியே பல வருஷம் போனது. வெள்ளைக்காரனுக்கு யுத்தம் வந்து ஒரு வருஷம் போல இருக்கும், மாரக்காளுக்கு நாள் தள்ளிப்போனது. முதலில் அவளே நம்பவில்லை. மசக்கை வந்து புளியங்காயைத் தேடிய பிறகுதான் கிழவியிடம் சொன்னாள். முத்தாயம்மாள் வாசலுக்கு ஓடிப்போய் வருகிறவர் போகிறவர்க்கெல்லாம் சர்க்கரை கொடுத்தாள். கட்டுத்தறிக்குப் போய் மகனிடமும் சொன்னாள். செங்கோட்டையன் கையிலிருந்த தீவனக்கூடை கீழே விழுந்தது. சந்தோஷத்தில் கூடையைப் போட்டுவிட்டான் என்று எல்லாரும் சிரித்தார்கள்.

அவனுக்குள் எழுந்த முதல் கேள்வி, யார்? என்னுடையதாக இருக்குமோ என்ற இரண்டாவது கேள்வி எழவே இல்லை. காளையைப் பார்த்துக்கொண்ட பண்ணையாள் சுப்பையன்மேல் கண் போனது. மாரக்காள் அவனுக்குச் சோறு போடுகிறவள், சோறு போடும்போது ஒரு வார்த்தை சிரித்தும் பேசியிருப்பாள். அது போதாதா? மறு வாரமே காரணம் சொல்லாமல் சுப்பையனை வேலையைவிட்டு நிறுத்தினான். மாரக்காளோடு பேச்சை நிறுத்தினான். அவள் வைத்த சோற்றைத் தொடாமல் எழுந்தான். வாந்தி எடுத்துக்கொண்டு கிடந்தவளுக்கு ஒரு சொம்பு தண்ணீர் எடுத்துக் கொடுக்கவில்லை.

வளையல் போடுகிற நாளைக் குறித்தபோது அவன் வர மறுத்தான். மாரக்காள் கட்டுத்தறிக்கே போய் நின்றாள்.

"ஏனுங்க, நான் என்ன தப்புப் பண்ணுனேன்?"

"உன்ற வகுத்துல இருக்கறது ஆரோடது?"

அவளுக்கு முதலில் கேள்வியே புரியவில்லை. புரிந்ததும் தறிக்கம்பைப் பிடித்துக்கொண்டாள். உங்களைத் தவிர யார் என்றாள். அப்போதுதான் அவன் ஆத்திரத்தில் தன் கதையைத் தானே அவிழ்த்தான்.

"எனக்குப் பொறக்காதுன்னு சூரமங்கலத்து டாக்டர் அன்னிக்கே சொல்லிப்போட்டாருடி."

 அன்னிக்கே என்ற அந்த ஒரு சொல்தான் மாரக்காளுக்குள் போய்த் தைத்தது. குறை யாரிடம் என்று தெரிந்துகொண்டே அவளைக் கதவுக்குப் பின்னால் நிற்க விட்டிருக்கிறான், காலைத் தொட்டுக் கும்பிட்டபோதும் சும்மா நின்றிருக்கிறான். அவள் அழவும் இல்லை, சத்தியம் பண்ணவும் இல்லை. விடிந்ததும் இரண்டு சேலையை எடுத்துக்கொண்டு சூரமங்கலத்துக்குப் போய்விட்டாள். குழந்தை அங்கேதான் பிறந்தது, ஆண் பிள்ளை.

பேரன் பிறந்தும் மகன் போய்ப் பார்க்கவில்லையே என்று முத்தாயம்மாள் தினமும் புலம்பினாள். வறடி என்று திட்டிய அதே வாய்தான். ஊரும் முணுமுணுத்தது. கந்தவேல் கடைசியாகச் சொல்லி அனுப்பினான்: ஊர்க்கூட்டம் போடுகிறேன், ஒன்று பெண்டாட்டி பிள்ளையைக் கூட்டிப்போக வேண்டும், இல்லை அவள் செய்த தப்பு என்ன என்று நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டும். சொன்னால் தன் குறையும் வெளியே வரும் என்று செங்கோட்டையனுக்குத் தெரியும். வந்தால் வரட்டும், இன்னொருத்தன் பிள்ளை என் நிலத்தில் கால் வைக்கக் கூடாது என்ற வெறியில் இருந்தான். டாக்டரையே கூட்டத்துக்கு வந்து சொல்லச் சொல்வது என்று தீர்மானித்து, பெட்ரோல் இல்லாத காலத்தில் கரியடுப்பைப் பின்னால் கட்டிக்கொண்டு புகைந்த பஸ்ஸில் கிளம்பினான்.

டாக்டருக்கு வயதாகியிருந்தது. விஷயத்தைக் கேட்டுவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டார். நான் குறைவு என்றுதானே சொன்னேன், இல்லை என்று எப்போது சொன்னேன் என்று கேட்டார். குறைவு என்றால் காலம் தாழும், ஒருவேளை நடக்காமலும் போகும், நடந்தும் விடும், ஒரே ஒரு வித்து போய்ச் சேர்ந்தால் போதும் என்றார். அப்படியானால் பிள்ளை என்னுடையதா என்று செங்கோட்டையன் கேட்டான்.

"அதை என் கண்ணாடி சொல்லாது. உன் சம்சாரத்தைக் கேட்டிருக்கணும். மாட்டுக்காரன் புத்தியோட என்னைக் கேட்க வந்திருக்கே."

ரயில்வே குடியிருப்பு பக்கத்துத் தெருதான். அவன் போய்ச் சேர்ந்தபோது மாரக்காள் பிள்ளையை மடியில் போட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை. அவன் நின்றபடியே டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னான். தப்பு என்னுடையதுதான், வா ஊட்டுக்குப் போலாம் என்றான். அவன் வாழ்க்கையில் குனிந்து பேசிய ஒரே நாள் அதுதான். அப்படியும் வாய் சும்மா இருந்ததா? என் பிள்ளைதான் என்று நீ ஒரு வார்த்தை சொல்லு, அது போதும் எனக்கு என்றான்.

"டாக்டர் இல்லேன்னு சொன்னா இவன் ஊரான் புள்ளை. டாக்டர் இருக்கலாம்னு சொன்னா உங்க புள்ளைங்களா? இவன் ஆரு புள்ளைன்னு எனக்கு ஒருத்திக்குத்தானுங்க தெரியும். உங்களுக்கு நான் சொல்ல மாட்டேன். போயிட்டு வாங்க."

சொல்லிவிட்டுப் பிள்ளைக்குச் சட்டையை மாட்டினாள். அவன் இன்னும் கொஞ்ச நேரம் நின்று குழந்தையையே உற்றுப் பார்த்தான். குழந்தையும் அவனைப் பார்த்தது. கந்தவேல் வேலை முடிந்து வருகிற நேரம் ஆனதால் செங்கோட்டையன் கிளம்பிவிட்டான்.

ஊருக்கு வந்து சேர்ந்தபோது முத்தாயம்மாள் வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். பார்வை மங்கிப்போயிருந்தாலும் மகன் தனியாக வருகிறான் என்பது தெரிந்தது. ஏன் கூட்டி வரவில்லை என்று அவள் கேட்கவில்லை.

"பையனைப் பாத்தியா சாமி? ஆரு சாடைல இருக்கான்?"

 சூரமங்கலத்தில் அந்தக் குழந்தையின் முகத்தைச் செங்கோட்டையன் எவ்வளவு நேரம் பார்த்தான். மூக்கைப் பார்த்தான், காதைப் பார்த்தான், புருவத்தைப் பார்த்தான். எல்லாவற்றிலும் சுப்பையனைத்தான் தேடினான். சுப்பையன் எங்கேயும் இல்லை. தன்னைத் தேடிப் பார்க்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.