மத்தாப்புப் பெட்டிக்காரி

எங்கள் ஊரில் பட்டாசுப் பெட்டியைப் பிரிக்காமலே உள்ளே என்ன இருக்கிறதென்று சொல்லிவிடலாம். மூடியில் பொம்பளைப் பிள்ளை சிரித்தால் கம்பி மத்தாப்பு. சிங்கமோ புலியோ, புஜத்தை முறுக்கிக்கொண்டு நிற்கிற ஆளோ இருந்தால் வெடி. இதை யாரும் சட்டமாகப் போட்டு வைக்கவில்லை. ஆனாலும் சிவகாசியில் லேபிள் அடிக்கிற எந்த பிரஸ்ஸும் இதை மாற்றி அடித்து நான் பார்த்ததில்லை. கேட்டால், அப்பன்மார் பையனுக்கு வெடி வாங்குகிறார்கள், பெண்ணுக்கு மத்தாப்பு வாங்குகிறார்கள், அதனால் அப்படி என்பார்கள். பெட்டியைப் பார்த்துத்தானே அவர்களும் அப்படி வாங்குகிறார்கள் என்று திருப்பிக் கேட்டால் முறைப்பார்கள். நான் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

பன்னிரண்டாவது முடித்த கையோடு அப்படியொரு பிரஸ்ஸில் டி.டி.பி. வேலைக்குச் சேர்ந்தேன். இரண்டாயிரத்துகளின் நடுப்பகுதி அது. பட்டாசுப் பெட்டியின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் எச்சரிக்கை வருமே, திறந்த வெளியில் கொளுத்தவும், பெரியவர்கள் துணையோடு கொளுத்தவும் என்று, அதை அடிப்பதுதான் என் வேலை. முன்பக்கத்துப் படம் ஆர்ட்டிஸ்டின் வேலை. டிசைன் செக்‌ஷனில் ஆர்ட்டிஸ்டுகளுக்கு இரண்டு மேஜை. ஒன்றில் இருந்தவர் கண் பார்வை மங்கிப்போய் வேலையை விட்டுவிட்டார். மேஜை சும்மா கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் தினமும் பின்பக்கம் அடித்தேன்.

வீட்டில் அம்மா தெளிவாகச் சொல்லியிருந்தாள். அந்த மேஜை கிடைத்துச் சம்பளம் ஏறினால் இன்னும் சில வருஷம் வேலைக்குப் போகலாம். தீபாவளி சீசன் முடிவதற்குள் கிடைக்கவில்லையென்றால் ஜாதகத்தை வெளியில் எடுத்துவிடுவாள். அப்பா இல்லாத வீட்டில் அவள் சொன்னால் சொன்னதுதான். அம்மாவுக்கு விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மத்தாப்புப் பிரிவில் வேலை. சாயங்காலம் வேனிலிருந்து இறங்கும்போது முழங்கை வரைக்கும் வெள்ளியாக மினுமினுப்பாள். மத்தாப்பு மருந்தில் கலக்கிற அலுமினியப் பவுடர். எவ்வளவு சோப்பு போட்டுத் தேய்த்தாலும் நகக்கண்ணில் தங்கிவிடும். எங்கள் தெருவில் பாதிப் பெண்களுக்குக் கை அப்படித்தான் இருந்தது. தண்ணீர்ச் செம்பைத் தொட்டால் செம்பில் விரல் அடையாளம் இருக்கும்.

எனக்கு ஜப்பான் கார்ட்டூன் பைத்தியம் கேபிள் டி.வி.யில் பிடித்தது. அந்தக் கண்களும், காற்றில் பறக்கிற முடியும், சண்டைக்கு முன்னால் ஒரு நொடி எல்லாம் அசையாமல் நிற்பதும் என்னைக் கிறுக்காக்கின. பிரஸ்ஸில் வேஸ்ட் ஷீட்டுக்குக் குறைச்சலே இல்லை. கலர் சரியாக விழாத லேபிள் தாள்களின் வெள்ளைப் பக்கத்தில் மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுவதும் வரைவேன். வீட்டுக்கு எதையும் கொண்டுபோனதில்லை. அம்மாவுக்குத் தெரிந்தால், படித்த பிள்ளை பொம்மை போடுகிறதா என்பாள்.

முதலாளியின் மகன் சென்னையில் இன்ஜினியரிங் முடித்துவிட்டு வந்தபோது ஹாஸ்டலிலிருந்து ஒரு ஹார்டு டிஸ்க் நிறைய அதே சரக்கைக் கொண்டுவந்தார். எல்லோரும் அவரைச் சின்ன முதலாளி என்போம். ஞாயிற்றுக்கிழமை மெஷின் ஓடாது. மாடியில் ஏ.சி. போட்ட டிசைன் அறையில் அவருடைய கூட்டாளிகள் கூடுவார்கள். எல்லாம் கடை வைத்திருக்கிற, கம்பெனி வைத்திருக்கிற வீட்டுப் பையன்கள். சீசன் நேரத்தில் ஞாயிறும் எனக்கு வேலை உண்டு என்பதால் அறையின் ஓரத்தில் நானும் இருப்பேன். ஒருநாள் அவர்கள் ஒரு கதையின் முடிவைப் பற்றித் தப்பும் தவறுமாக அடித்துக்கொண்டிருந்தார்கள். பொறுக்க முடியாமல் திரும்பிப் பார்க்காமலே சரியான முடிவைச் சொல்லிவிட்டேன். அத்தனை பேரும் என் பக்கம் திரும்பினார்கள். மேஜை பேசியிருந்தால்கூட அவ்வளவு ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள்.

முதலில் எனக்குப் பரீட்சை வைத்தார்கள். அந்த வாள் பேர் என்ன, இவனுடைய அண்ணன் எந்தப் பாகத்தில் செத்தான் என்று. எந்தப் பையன் புதிதாக வந்தாலும் அவனிடம் இப்படிக் கேட்டதில்லை, கூட வந்தான் என்பதே போதும். நான் கார்ட்டூன் என்று சொன்னதற்கு அனிமே என்று சொல்லச் சொல்லித் திருத்தினார்கள். பரீட்சையில் தேறியதும் பெரிய மனசு பண்ணி எனக்கென்று ஒரு சிடி எழுதிக் கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்துக் காதல் கதை. பூ உதிர்ந்துகொண்டே இருந்தது. பொம்பளைப் பிள்ளைகளுக்கு அதுதான் பிடிக்கும் என்று எங்கோ படித்தார்களாம். போர்க்கதை உள்ள சிடியைக் கேட்டேன். ரத்தமாக இருக்கும், பயந்துவிடுவாய் என்றார்கள். பட்டாசு மருந்து வெடித்து, துணி போட்டு மூடித் தூக்கி வந்த ஆட்களைப் பார்த்து வளர்ந்த தெருக்காரி நான்.

அவர்களுடைய வழக்கமான விளையாட்டு ஒன்று இருந்தது. கதாநாயகிகளில் யாரைக் கட்டிக்கொள்ளலாம் என்று வாக்குவாதம். பெண் பார்க்கப் போன வீட்டில் சொஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டே பேசுகிற பேச்சு மாதிரிதான். மெதுவாகப் பேசுகிறவள், டிபன் பாக்ஸ் கட்டிக் கொடுக்கிறவள், நாயகன் திட்டினாலும் கண் கலங்கி நிற்கிறவள் எப்போதும் ஜெயிப்பாள். சண்டை போடுகிறவளைப் பார்க்கப் பிடிக்கும், கட்ட ஆகாது. அவர்களில் ஒருவன் என் பூ உதிரும் சிடியை வாங்கிக்கொண்டு போய் அழுதிருக்கிறான். அது தெரிந்த நாளிலிருந்து அவனை அக்கா என்று கூப்பிட்டார்கள். கொஞ்ச நாளில் அவன் வருவதை நிறுத்திக்கொண்டான். திரையிலிருந்த பெண்களுக்காக அப்படி உருகியவர்கள், கீழே குனிந்து லேபிள் கட்டுகளைத் தூக்குகிற பெண்களுக்கு வழிவிடக்கூட மாட்டார்கள். எனக்கு அதுதான் எரியும்.

ஒருநாள் என்னிடமும் கேட்டார்கள், உனக்கு யார் என்று. ஏதாவது நாயகன் பேரைச் சொல்வேன், கேலி பண்ணலாம் என்று காத்திருந்தார்கள். கேபிளில் பார்த்த ஒரு போர்க்கதையில் கோட்டை வாசலில் கடைசிவரை நின்ற பெண் தளபதியைச் சொன்னேன்.

"அவ ஆம்பள மாதிரில்ல இருப்பா. அவளப் போயி யாரு கட்டுவா?" என்றான் ஒருவன்.

"நான் அவளக் கட்டக் கேக்கலண்ணே. அவளா இருக்கணும்னு சொல்லுதேன்."

அதற்குச் சிரித்தார்கள் பாருங்கள், இன்றைக்கும் என் காதில் கேட்கிறது.

அந்த வருஷ சீசனுக்குச் சின்ன முதலாளி ஒரு யோசனை கொண்டுவந்தார். ஒரு கம்பெனிக்கு வெடிக்கும் மத்தாப்புக்கும் புது லேபிள். இரண்டையும் ஜப்பான் ஸ்டைலில் போட்டு அசத்திவிடலாம், கூட்டாளிகள் யார் வேண்டுமானாலும் படம் கொண்டுவரலாம் என்றார். நான் நேராகவே கேட்டேன், என் படம் தேறினால் அந்தக் காலி மேஜையில் என்னை உட்கார வைப்பீர்களா என்று. முதலில் கொண்டுவா, பார்ப்போம் என்றார். அந்தப் 'பார்ப்போம்' என்பதை நம்பித்தான் வரைந்தேன்.

வெடிப் பெட்டிக்கு ஒரு போர்வீராங்கனை. காலை அகட்டி ஊன்றி நிற்கிறாள். கம்பெனிப் பெண்கள் கட்டுவது போலத் தலையைச் சுற்றித் துண்டு. கண் மட்டும் ஜப்பான் கண். வாய் இறுகி இருக்கும், சிரிப்பு கிடையாது. விரல் நுனியிலிருந்து முழங்கை வரைக்கும் இரண்டு கையும் வெள்ளி. அந்தக் கைகளுக்குத்தான் அதிக நாள் பிடித்தது. நான் வரைந்ததிலேயே நல்ல படம் அது. தன்னடக்கம் எல்லாம் இந்த விஷயத்தில் எனக்குக் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை மேஜையில் விரித்தேன். சுற்றி நின்றார்கள். ஒருவன் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். பிறகு, எதிலிருந்து பார்த்துப் போட்டாய் என்று கேட்டார்கள். எதிலிருந்தும் இல்லை என்றேன். நம்பாமல் ஹார்டு டிஸ்க்கைத் திறந்து தேடினார்கள். கிடைக்கவில்லை. அதற்கப்புறம் கையைக் காட்டி, இது மிஷின் கையா, மந்திரக் கவசமா என்று அவர்களுக்குள் சண்டை. எங்கள் அம்மா கை என்று சொன்னேன். ஜோக்கென்று நினைத்துக்கொண்டார்கள். அவர்களுடைய கம்பெனிகளிலேயே அந்தக் கைகள் இருந்தன.

சின்ன முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. "படம் நல்லாருக்கு பிள்ள. ஆனா வெடிக்குப் பொம்பளையப் போட்டா எவன் வாங்குவான்?"

"வெடி செய்யுறது பூராம் பொம்பளைகதானண்ணே."

"செய்யுறது வேற, வெடிக்கிறது வேற" என்றார். கோபமெல்லாம் இல்லை, சின்னப் பிள்ளைக்கு விளக்குவது போலத்தான் சொன்னார். படத்தை ஸ்கேன் பண்ணி வைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் புரூஃப் ஷீட் வந்தது. எச்சரிக்கை வாசகத்தில் பிழை பார்க்க என்னிடம்தான் கொடுத்தார்கள். திருப்பினால் முன்பக்கத்தில் அவள். தலைத்துண்டை அவிழ்த்து முடியைப் பறக்க விட்டிருந்தார்கள். அகட்டி நின்ற காலை ஒன்றாகச் சேர்த்து, பாவாடையை முழங்காலுக்கு மேலே ஏற்றியிருந்தார்கள். கை இரண்டும் ரோஜா நிறம். ஒரு கையில் கம்பி மத்தாப்பு. வாயைப் பிளந்து பல் தெரியச் சிரிக்க வைத்திருந்தார்கள். கண் மட்டும் நான் போட்ட கண், அது சிரிக்கவில்லை. வெடிப் பெட்டியில் கூட்டாளி ஒருவன் திரையிலிருந்து அப்படியே காப்பியடித்த ஆண்பிள்ளை, புஜத்தை முறுக்கிக்கொண்டு நின்றான். அவனிடம் யாரும் எதிலிருந்து போட்டாய் என்று கேட்கவில்லை. காலி மேஜையும் அந்தக் கூட்டாளிக்கே போனது.

என் படம்தானே போயிருக்கிறது, மேஜை எனக்கில்லையா என்று கேட்டேன். "நீ எப்படியும் கல்யாணமாகிப் போயிருவ பிள்ள" என்றார் சின்ன முதலாளி.

வீட்டில் மேஜை கிடைக்கவில்லையென்றால் கல்யாணம். பிரஸ்ஸில் கல்யாணம் ஆகிவிடும் என்பதால் மேஜை இல்லை. இரண்டு பக்கமும் கதவைச் சாத்திவிட்டு, ஏன் உள்ளேயே நிற்கிறாய் என்று கேட்கிற ஊர் இது. அன்றைக்கு மீதி நேரம் முழுவதும் பெரியவர்கள் துணையோடு கொளுத்தவும் என்று அடித்துக்கொண்டிருந்தேன்.

பெட்டி நன்றாக ஓடியது. மறு ஆர்டர் வந்தது. மேஜை போனது தெரிந்ததுமே அம்மா ஜாதகத்தை வெளியில் எடுத்துவிட்டாள். தீபாவளிக்குக் கொஞ்சம் முந்தி ஒரு சாயங்காலம் அம்மா வேனை விட்டு இறங்கி வரும்போது கையில் ஒரு காலிப் பெட்டி வைத்திருந்தாள். ஓரம் நசுங்கியதென்று கம்பெனியில் கழித்துப்போட்ட பெட்டி. லேபிளில் இருந்த பிராண்டுப் பேர் வேறு; அவள் வேலை பார்த்த கம்பெனிக்குத்தான் அது போனது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவளுக்கு அது என் படம் என்று தெரியாது. நாள் முழுக்க அந்தப் பெட்டிகளைத்தான் அடைத்திருக்கிறாள். அவள் பிடித்திருந்த இடத்தில், ரோஜா நிறக் கையின் மேல், வெள்ளிப் பெருவிரல் அடையாளம் அப்பியிருந்தது.

"இந்தப் பிள்ளயப் பாருத்தா, எம்புட்டு லெச்சணமாச் சிரிக்கா" என்றாள். "மாப்பிள வீட்டுல ஒம் போட்டா கேட்டிருக்காக. நாளைக்கு ஸ்டூடியோவுல நீயும் இப்படிச் சிரிச்சுக்கிரு. மூஞ்சிய உம்முனு வச்சுக்கிட்டு நிக்காத."

அது நான் போட்ட படம் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அவள் காட்டியது அந்தச் சிரிப்பை. அதை நான் போடவில்லையே. அம்மாவை முறைக்கத்தான் தோன்றியது. அவள் கையைப் பார்த்துவிட்டு அதையும் செய்யவில்லை.

மறுநாள் ஸ்டூடியோவில் பல் தெரியச் சிரித்தேன். அந்தப் படமும் நன்றாகத்தான் போனது. தை பிறந்ததும் பேசி முடித்துவிட்டார்கள்.