ஸ்பீக்கர் நிழல்

அடி அண்ணாமலையில் என் அப்பா சவுண்டு சர்வீஸ் வைத்திருந்தார். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில் அன்னதானப் பந்தல் போடுகிறவர்கள் அவரைத்தான் கூப்பிடுவார்கள். பக்கத்துப் பந்தலில் பாட்டைக் கூட்டினால் இவர்களும் கூட்டச் சொல்வார்கள். சாம்பார் சாதத்தைவிடச் சத்தத்துக்குத்தான் புண்ணியம் அதிகம் என்று நினைத்தார்களோ என்னவோ. ஊரையே அலறவைத்த மனிதர், வீட்டில் மட்டும் டிவியைக் கிசுகிசுக்க விடுவார். நாங்கள் கூட்டினால், திரையில் எண் ஏறுவதைப் பார்த்து எழுந்து வந்து குறைத்துவிட்டுப் போவார்.

“ஊருக்கெல்லாம் வாரி வழங்குறாரு, நமக்குத்தான் கம்மி” என்று அம்மா அலுத்துக்கொள்வாள்.

எனக்கு அந்த ஆம்ப்ளிஃபயர் மேல் கொள்ளை ஆசை. ஏறி இறங்கும் பச்சை, சிவப்பு விளக்குகளைக் கிட்டே உட்கார்ந்து பார்க்க வேண்டும். பாட்டு ஓடும்போது பந்தல் பக்கம் தலை காட்டினாலே அப்பா விரட்டுவார். ஆண்பிள்ளையாகப் பிறந்திருந்தால் விட்டிருப்பார் என்று நானே முடிவு கட்டி, மனதுக்குள் பொருமிக்கொண்டிருந்தேன்.

நாலாவது படித்த வருஷம், சித்ரா பௌர்ணமி அன்று அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். கரண்ட் போயிருந்தது. அவர் பந்தலுக்குப் பின்னால் ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றிக்கொண்டிருந்தார். வெயில் கொளுத்தியது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்த ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு முன்னால் நல்ல நிழல். தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு, பெட்டியின் கறுப்பு வலையில் தலையைச் சாய்த்தேன். அப்படியே கண் அயர்ந்துவிட்டேன்.

நான் வந்ததே அப்பாவுக்குத் தெரியாது. ஜெனரேட்டரைப் போட்டார்.

வந்ததைப் பாட்டு என்று சொல்ல முடியாது. யாரோ மண்டைக்குள் புகுந்து அடித்த மாதிரி இருந்தது. பந்தலில் இருந்தவர்கள் கை காட்ட, அப்பா பாய்ந்து வந்து ஒயரைப் பிடுங்கி எறிந்தார். என்னைத் தூக்கிக்கொண்டு ஏதோ சொன்னார். வாய் அசைந்தது, எனக்குக் கொய்ங் என்ற இரைச்சல் மட்டுமே கேட்டது. அவர் என் காதுகளை மாறி மாறித் திருப்பிப் பார்த்ததும்தான் எனக்குப் பயம் வந்தது.

சித்ரா பௌர்ணமி வேலையைப் பாதியில் போட்டுவிட்டு அப்பா என்னை வீட்டுக்குத் தூக்கி வந்தார். சாயங்காலத்துக்குள் இரைச்சல் கொஞ்சம் அடங்கியது. அம்மா பூண்டு தட்டிப் போட்டு எண்ணெய் காய்ச்சி எடுத்து வந்தாள்.

“ஊத்தாத. காதுல எண்ணெய் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரு.”

“எந்த டாக்டரு? நீங்க எப்ப போனீங்க?”

அப்பா எண்ணெய்க் கிண்ணத்தை வாங்கி அடுப்படியில் வைத்துவிட்டு வந்தார்.

மறுநாள் டவுனில் காது டாக்டரிடம் கூட்டிப்போனார். சத்தத்தின் பக்கமே விடாதீர்கள், சரியாகிவிடும் என்றார் டாக்டர். இரைச்சல் நின்றும் அப்பாவுக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரு காலையில் என்னைச் சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னார். வாயசைப்பைப் பார்த்துவிடக் கூடாதாம். பின்னால் தள்ளி நின்றுகொண்டு மெதுவாகக் கூப்பிட்டார்.

“பாப்பா, கேக்குதா?”

“கேக்குதுப்பா.”

காலடி ஓசை இன்னும் கிட்டே வந்தது. “பாப்பா, கேக்குதாம்மா?”

“கேக்குதுப்பா.”

மறுபடியும் கேட்டார். நானும் சொன்னேன். போகப் போக அவர் குரலைக் கூட்டினார். இதென்ன விளையாட்டு என்று எனக்குச் சலிப்பாக வந்தது. திரும்பிப் பார்த்தேன். வாசலில் அம்மா, கையில் தோசை மாவோடு நின்றிருந்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை, அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவர் முன்னால் வந்து நின்று, முகத்துக்கு நேராகச் சொன்னாள்.

“அவளுக்குக் கேக்குதுங்க. அப்பலேர்ந்து சொல்லிக்கினே இருக்கறா.”

அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். அம்மாவும் அழுதாள். எனக்குக் காது நன்றாக இருக்கிற சந்தோஷத்தில் இரண்டு பேரும் அழுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அப்பா விஷயத்தில் அது சரிதான். அம்மா எதற்காக அழுதாள் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.