ஒரு குறையும் இல்லீங்க

அந்தத் தனியார் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைப்பதே குதிரைக் கொம்பு. எனக்குக் கிடைத்தது. கட்டணத்தைப் பார்த்த அப்பா, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். முழு உதவித்தொகை வந்தால்தான் அங்கே படிப்பு, இல்லாவிட்டால் இல்லை. வீட்டு நிலைமையை நேரில் பார்த்து முடிவு செய்ய ஒரு அம்மாள் வருவார் என்று போனில் சொன்னார்கள்.

பெருமுக்கல் பக்கம் எங்கள் வீடு. குத்தகை நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிற குடும்பம். ஆனால் வீட்டுக்கு ஆள் வருகிறது என்றால் அம்மாவுக்குத் தலைகால் புரியாது. பெண் பார்க்க வருகிறார்கள் என்பதுபோல ஆரம்பித்துவிட்டாள். எதிர்வீட்டு சோபா எங்கள் கூடத்துக்கு வந்தது. மழைக்கு ஒழுகும் மூலையை மறைத்துக்கொண்டு மாமா வீட்டு ஃபிரிட்ஜ் நின்றது. திண்டிவனத்திலிருந்து பிரியாணி வேறு.

"இருக்கிற மாதிரியே விடும்மா" என்றேன்.

"வர்றவங்க நம்மள என்னா நெனப்பாங்க?" என்று என் வாயை அடைத்துவிட்டாள்.

வந்தவர் நல்ல மனுஷி. சாப்பிட்டுக்கொண்டே, "கஷ்டம் ஏதாவது இருந்தா மனசு விட்டுச் சொல்லுங்கய்யா" என்று அப்பாவிடம் கேட்டார். நான் கதவோரம் நின்று அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா சிரித்தார். "நமக்கு ஒரு குறையும் இல்லீங்க. நீங்க இன்னும் கொஞ்சம் வெச்சிக்கினு சாப்புடுங்க."

கால் பங்கு உதவிதான் வந்தது. அது எந்த மூலைக்கு? சேரவில்லை என்று பதில் அனுப்பிய அன்று வீடே அதிரக் கத்தினேன். "கஷ்டம்னு ஒரே ஒரு வார்த்த உன் வாயில வரலியேப்பா! ஊருக்குப் பெருமை காட்டிக்கினு என் படிப்பக் கெடுத்துட்ட."

"வீட்டுக்கு வந்து சாப்புட்டுக்கினு இருக்கிறவங்க கிட்ட எப்பிடிம்மா அழுவுறது?" என்றார்.

விழுப்புரத்தில் அரசுக் கல்லூரியில் சேர்ந்தேன். தினம் பஸ்ஸில் போய்வந்து படித்து முடித்தேன். வேலையும் கிடைத்தது. அந்தப் பல்கலைக்கழகத்தை நினைத்தால் இன்றும் வயிறு எரியத்தான் செய்கிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அதைவிட, அன்று அப்படிக் கத்தியிருக்க வேண்டாம் என்றுதான் தோன்றுகிறது. இப்போதெல்லாம் வீட்டுக்கு யார் வந்து "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டாலும், பதில் சொல்வதற்கு முன் அப்பா என் முகத்தைப் பார்க்கிறார்.