பூசோ போன பெட்டி

ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்று நன்றாகத் தெரிந்துகொண்டே, அதைக் காணவில்லை என்று வீட்டாரோடு சேர்ந்து அரைமணி நேரம் தேடியிருக்கிறேன். கட்டிலுக்கடியில் குப்புறப் படுத்துக் கைப்பேசி வெளிச்சம் அடித்து, "இங்கயும் இல்லையே" என்று குரல் கொடுத்தேன். ஐம்பத்தொரு வயதுக்காரன் செய்கிற காரியமில்லை.

தேடியது என் ஆறு வயது மகளின் தலையணையை. தலையணை என்பது மரியாதைக்குச் சொல்வது. கைக்குழந்தையாக இருந்தபோது வாங்கியது. பஞ்செல்லாம் ஒரு மூலைக்கு ஒதுங்கி, தேநீரில் நனைத்த ரொட்டி போலக் கிடக்கும். மலாய்க்காரர்கள் இப்படிப்பட்ட தலையணைக்கு 'பந்தால் பூசோக்' என்று பெயரே வைத்திருக்கிறார்கள், நாற்றத் தலையணை என்று. எங்கள் வீட்டில் அது பூசோ. அதைத் துவைக்கக் கூடாது. துவைத்தால் மணம் போய்விடும், மணம் போனால் அது பூசோ இல்லை. அது இல்லாமல் அவள் தூங்கவும் மாட்டாள். ஒருமுறை பாகான் செராய் ஊரில் ஒரு கல்யாணத்துக்கு அதை மறந்துவிட்டுப் போய், மறுநாள் தாலி கட்டும்போது நானும் மனைவியும் மாப்பிள்ளை வீட்டார் தோளில் சாய்ந்து தூங்கினோம்.

இவ்வளவும் தெரிந்துதான் அதைக் கொடுத்தேன்.

குற்றம் காணொளியில் தொடங்கியது. வீட்டைச் சீராக்குவது எப்படி என்று ஒரு பெண்மணி பளிச்சென்ற அறையில் நின்று சொல்லிக்கொண்டிருந்தார். மூன்று காணொளி பார்த்ததும் எனக்கு ஞானம் வந்துவிட்டது. பள்ளி விடுமுறைச் சனிக்கிழமை. மனைவி மகளை நடன வகுப்புக்கு அழைத்துப் போயிருந்தாள். பத்து வயது மகன் பக்கத்து வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தான். நான் மூன்று பிளாஸ்டிக் பெட்டிகளை வைத்து, வைப்பது, கொடுப்பது, வீசுவது என்று தாள் ஒட்டினேன். கூடத்தை அடைத்துக் கிடக்கும் என் புத்தகங்களுக்கு முதலிலேயே விதிவிலக்கு அளித்தேன். சட்டம் பிள்ளைகளுக்கு மட்டும்.

கை உடைந்த பொம்மை, ஒற்றைச் சப்பாத்து, மூடியில்லாத பேனா எல்லாம் மளமளவென்று இடம் பெயர்ந்தன. கடைசியில் பூசோ கைக்கு வந்தது. அடுத்த ஆண்டு முதலாம் வகுப்புக்குப் போகிற பிள்ளைக்கு இது எதற்கு என்று காணொளிப் பெண்மணியின் குரலில் எனக்கே கேட்டது. முதலில் வீசும் பெட்டியில்தான் போட்டேன். அது நிரம்பி வழிந்ததால் கொடுக்கும் பெட்டிக்கு மாற்றினேன். பின்னால் என்னைக் காப்பாற்றியது அந்த இடப் பற்றாக்குறைதான்.

கொடுப்பதெல்லாம் செமோரில் இருக்கும் என் பெரியம்மா மகளுக்குப் போகும். அங்கே ரப்பர் தோட்டம் மூடிய பிறகு லயத்து வரிசைக் குடியிருப்பு மக்களுக்குக் கட்டிக்கொடுத்த வீடுகளில் ஒன்று அக்காவுடையது. பழைய துணிகளை வாங்கித் துவைத்து, அளவு பார்த்து, அங்குள்ள பிள்ளைகளுக்குக் கொடுப்பது அவர் வழக்கம். கொடுக்கும் பெட்டியில் இருந்ததை ஒரு பையில் திணித்து, பதினொரு மணிக்கெல்லாம் அங்கே இறக்கிவிட்டு, எங்கள் ஜெலாப்பாங் வீட்டுக்குத் திரும்பிப் பெருமையோடு உட்கார்ந்திருந்தேன்.

மகள் வந்தாள். காலில் சலங்கையைக்கூடக் கழற்றாமல் அறைக்குள் ஓடி, பூசோ எங்கே என்று கேட்டாள். அப்போதுதான் மேற்படி தேடல் நடந்தது. அவள் அழவில்லை, அழுதிருந்தால் தேவலை. தன்னுடைய ஒவ்வொரு இழுப்பறையாகத் திறந்து, மூடி, மறுபடி திறந்து பார்த்தாள். என்னால் அதற்குமேல் கட்டிலுக்கடியில் படுத்திருக்க முடியவில்லை. அடுக்களைக்குப் போய் மனைவியிடம் தணிந்த குரலில் சொன்னேன்.

அவள் கத்தவில்லை. "அத எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வாங்க," என்றாள். எடுக்காவிட்டால் என்ன என்று அவள் சொல்லவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை. மகளிடம் விஷயத்தைச் சொல்லி, அவளையும் கூட அனுப்பினாள். அது எனக்குத் தண்டனை.

காரின் பின்னிருக்கையிலிருந்து பாதி வழியில் ஒரு கேள்வி வந்தது. "பூசோவ எந்தப் பொட்டிலப்பா போட்டீங்க?"

"கொடுக்குற பொட்டில."

"வீசுற பொட்டில இல்லதானே?"

"இல்லம்மா," என்றேன். கண்ணாடியில் அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. நான் கண்ணாடியை விட்டுச் சாலையைப் பார்த்து ஓட்டினேன்.

அக்கா வீட்டு வாசலில் என் பை காலியாகக் கிடந்தது. உள்ளே துணி துவைக்கும் இயந்திரம் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் போட்டுவிட்டாராம், சோப்பும் வாசனைத் தண்ணீரும் தாராளமாக ஊற்றினாராம். நான் இயந்திரத்தின் மூடியில் கை வைத்தபடி நின்றேன். ஆஸ்பத்திரி வாசலில்கூட அப்படி நின்றதில்லை. என்ன தேடுகிறேன் என்று அக்கா கேட்டார். சொன்னேன்.

"அந்தக் கந்தலா? அத எப்படி தம்பி மனுசப் பிள்ளைக்குக் குடுக்கிறது? நீ படிச்சவன்லா, கொண்டு வரக்குள்ள பாக்க மாட்டே?" என்று பின்கட்டைக் காட்டினார்.

பின்கட்டில் அக்காவின் கறுப்பு நாய் பூசோமேல் தாடையை வைத்து, நான்கு கால்களையும் நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தது. அந்தத் தலையணையின் அருமை தெரிந்த இரண்டாவது உயிர். துவைக்கவில்லை, கிழியவில்லை, முழுசாக இருந்தது. காரில் என் முதுகுக்கு வைத்திருந்த குஷனைக் கொண்டுவந்து நாய்க்குக் கொடுத்து, பூசோவை மெல்ல உருவினேன். நாய் ஒற்றைக் கண்ணைத் திறந்து, பண்டமாற்றில் தனக்கு நட்டம் என்பதுபோல் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டது. வாசலில் காத்திருந்த மகள் தலையணையை வாங்கிச் சட்டைக்குள் செருகிக்கொண்டாள். சீராப் என்கிற சிவப்புச் சர்பத்தைக் கலக்கிக் கொடுத்து, பசியாறிவிட்டுப் போகச் சொன்னார் அக்கா. அன்று குடித்த சீராப் போல இனிப்பாக எதையும் குடித்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் மூன்று பெட்டிகளிலும் ஒட்டிய தாளைக் கிழித்தேன். மனைவி பூசோவை விரல் நுனியில் தூக்கிப் பார்த்து, இப்போதாவது துவைக்கலாமா என்று கெஞ்சினாள். நாய் விஷயத்தை நான் அவளிடம் இன்னும் சொல்லியிருக்கவில்லை. மகள் அதைப் பிடுங்கி முகத்தைப் புதைத்து, நெடுமூச்சாக முகர்ந்தாள். நான் காத்திருந்தேன்.

"பரவாயில்லம்மா," என்றாள். "கொஞ்சம் அப்பா மணம் அடிக்குது, அவ்வளவுதான்."