பென்சில் கையெழுத்து

நான் மலேசியாவின் ஈப்போ நகரில் குடும்ப மருத்துவர். எழுபதுகளின் இறுதியில், எனக்குப் பயிற்சி கொடுத்த பெரிய டாக்டர் நான் முடித்த பயிற்சியைப் பதியும் புத்தகத்தில் பென்சிலால்தான் கையெழுத்துப் போடுவார். "புள்ளத்தாச்சி நீ. பிரசவம் முடிஞ்சு வா, பேனாவால போடலாம்லா," என்றார். நம்பி, புத்தகத்தை அவரிடமே விட்டுப் போனேன். அதுதான் நான் செய்த தவறு.

கைக்குழந்தையோடு திரும்பியபோது எட்டு மாதக் கையெழுத்தும் அழிக்கப்பட்டிருந்தது. "நடுவுல விட்டுப் போனவங்க முதல்லேருந்துதான் தொடங்கணும்," என்றார். தொடங்கினேன். ஆனால் ரப்பர் தேய்த்த அந்தத் தடங்களை மறக்கவில்லை.

சில ஆண்டுகள் கழித்து, ஈப்போவின் குனோங் ராபாட் பகுதியில் இருந்த என் கிளினிக்குக்குப் பயிற்சிக்கு வந்த பெண், அந்தப் பெரிய டாக்டரின் மகள். அவளும் கர்ப்பிணி. முதல் நாள் அவள் புத்தகத்தை நீட்டியதும், வேண்டுமென்றே பென்சிலை எடுத்தேன்.

"டாக்டர், பிரசவ லீவுக்கு முன்னாடி செஞ்சது கணக்குல சேருமா?" என்று கேட்டாள்.

பென்சிலை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தேன். "சேரும். இதக் கொண்டுபோய் அப்பாகிட்ட காட்டு. போட்டது யாருன்னும் சொல்லு."

அன்றிலிருந்து, பயிற்சியை எத்தனை முறை விட்டுத் தொடர்ந்தாலும், என்னிடம் வருபவர்களுக்கு அன்றன்றைக்கே பேனாவால்தான் கையெழுத்து. அவள் புத்தகம் மட்டும் வாரா வாரம் அவள் அப்பாவின் மேசைக்குப் போய் வந்தது. அழிக்கட்டும், பார்க்கலாம்.